தராசு வைக்காத கொடியிடை நிலையம்

என் மனைவி ரங்கநாயகி பத்து வாரத்தில் இடுப்பில் இரண்டு அங்குலம் இளைத்தாள். எடையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் முதல் பாதியைக் கேட்டு மகிழ்ந்து, இரண்டாம் பாதியைக் காற்றில் விட்டிருப்பான். நான் எடையளவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அடியில் காந்தம் ஒட்டிய தராசு, வயிற்றைக் குடைந்த எடைக்கல், அடியை உயர்த்தி வைத்த அரிசிப் படி என்று நான் பிடித்தவற்றையெல்லாம் குவித்தால் மருதமலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும். நான் இன்னும் சோதிக்காத தராசு எமதர்மனுடையது ஒன்றுதான். நேரில் போகும்போது அதையும் ஒரு கை பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

எங்கள் வீட்டு ஹாலில், மற்றவர்கள் சோபா போடும் இடத்தில், மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு ஒன்று இருக்கிறது. மாதம் முதல் தேதி வீட்டிலிருக்கும் எல்லோரும் அதில் ஏறி இறங்க வேண்டும். விருந்துக்கு வந்தவர்களுக்கும் விலக்கு கிடையாது.

"அறுபத்தெட்டு" என்றேன்.

"மிசினு பொய் சொல்லுதுங்" என்றாள் ரங்கநாயகி.

"இது என் கையால முத்திரை குத்துன மிசினு அம்மிணி. பொய் சொல்லாது."

"அப்ப ஜாக்கெட்டு பொய் சொல்லுதா?" இடுப்புப் பக்கம் துணியை இழுத்துக் காட்டினாள். உள்ளே இன்னொரு குடும்பம் குடியேறலாம் போலிருந்தது.

அன்றுதான் அவள் காலைக் கவனித்தேன். மூன்று அங்குலம் குதி உயர்ந்த செருப்பு. வீட்டுக்குள்!

"எளைக்கப் போன கொடியிடை நிலையத்துல சும்மா குடுத்தாங்" என்றாள். "பத்து வாரம் முழுசா வந்தவங்களுக்குப் பரிசு."

"கழட்டு."

கழற்றினாள். முப்பத்தொன்பது வருடமாக என் தோளுக்குச் சரியாக நின்ற தலை, தோளுக்குக் கீழே நின்றது.

அதே வாரம் மளிகைக் கடையில் ஒரு ரகளை. மிளகாய்த்தூளில் கரியைக் கலந்துவிட்டார்கள் என்று கடைக்காரரைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். நான் போய்ப் பார்த்தேன். தூள் ரத்தச் சிவப்பாக இருந்தது. அவள் கண்ணுக்குத்தான் சிவப்பு கறுத்துப் போயிருக்கிறது.

இளைத்தவள், குட்டையானவள், சிவப்பு தெரியாதவள், அதே அறுபத்தெட்டு கிலோ. எனக்குள் பழைய ஆய்வாளன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர் கணபதிப் பகுதியிலிருந்த அந்த நிலையத்துக்கு அவளுடன் போனேன். முன்பு கிரைண்டர் செய்த பட்டறை அது. பட்டறைக்காரரின் மகள் கோகிலவாணி வெளிநாட்டில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி வந்து, கல் கொத்திய இடத்தில் இடை கொத்த ஆரம்பித்திருந்தாள். ஏசி, மல்லிகை வாசனை, சுவரெல்லாம் கொடி ஓவியம், ஆளுக்கொரு கட்டில். இடுப்பளக்க நாடா நூறு தொங்கியது. இளைக்கும் கடையில் ஒரு தராசுகூட இல்லை.

"எதுக்குங் அங்கிள் தராசு?" என்று கோகிலவாணி சிரித்தாள். "கண்ணாடிக்கு எடை தெரியாது. பார்க்கறவங்களுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் கண்ணு. எப்படிச் செய்யறே, சொல்லு."

அவள் மறைக்கவில்லை. கெட்டிக்காரக் குற்றவாளிகள் முக்கால் பங்கை மறைக்கவே மாட்டார்கள்.

"அணுவுக்கு நடுவுல புரோட்டான், நியூட்ரான். சுத்தி எலக்ட்ரான். இது பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. ஒரு புரோட்டானை ஒரு தட்டுல வெச்சா, அடுத்த தட்டுல ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்தாறு எலக்ட்ரான் வெச்சாத்தான் முள்ளு நடுவுல நிக்கும். நியூட்ரானுக்கு அதுக்கும் மேல ரெண்டரை எலக்ட்ரான். அதனால உங்க கனம் பூராவும் நடுவுல இருக்கறதுதாங் அங்கிள். எலக்ட்ரான் வெறும் தூசி."

"சரி."

"ஆனா நீங்க எவ்வளவு எடத்தை அடைக்கணும்னு முடிவு பண்றது அந்தத் தூசிதான். எலக்ட்ரானுக்கு மியூவான்னு ஒரு அண்ணன் உண்டு. இருநூத்தியேழு மடங்கு கனம். எலக்ட்ரான் எடத்துல அவனை உக்கார வெச்சா, அவன் நடுவுக்கு ஒட்டிட்டு சுத்துவான், அணுவே சுண்டிப் போயிரும். எனக்கு அதைப் படிச்சப்போதான் யோசனை வந்துச்சு. அவ்வளவு வேண்டாம், எலக்ட்ரானையே நூத்துக்கு அஞ்சு கனமாக்குனா என்ன? வாரத்துக்கு அரை. பத்து வாரம்."

"அணு சுருங்கும். ஆளும் சுருங்குவா."

"கரெக்ட்டுங். கண்ணுல இருக்கற அணுவும் சுருங்கறதால சிவப்பு மட்டும் கொஞ்சம் மங்கும்."

"எல்லாப் பக்கமும் சுருங்குமே? உயரம்?"

"அதுக்குத்தான் செருப்பு குடுத்தர்றமே."

அவளுடைய தொழில் நேர்மை எனக்குப் பிடித்தது. அதனால் சந்தேகம் இரட்டிப்பானது.

"ஆண்ட்டி உடம்புல இருக்கற எலக்ட்ரானை எல்லாம் வழிச்சு நிறுத்தா எவ்வளவு இருக்கும், சொல்லுங்க" என்றாள். "இருபது கிராம்! ரெண்டரைப் பவுனு. அதுல நூத்துக்கு அஞ்சுன்னா ஒரே ஒரு கிராம். அதைத்தான் ஏத்தியிருக்கோம்."

"அந்த ஒரு கிராம் எங்கிருந்து வருது?"

இமை ஒரு தடவை கூடுதலாகத் துடித்தது. நான் தராசைத் தொடும்போது வியாபாரிகளுக்கு அப்படித் துடிக்கும்.

"கரண்ட்டுல இருந்துதாங் அங்கிள். ஒரு கிராம்னு லேசா நெனைக்காதீங்க. ஒரு கிராம் உண்டாக்கணும்னா ரெண்டரைக் கோடி யூனிட் வேணும். அப்பேர்ப்பட்ட மிசினு இது."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். மீட்டருக்குப் பக்கத்தில் மின் அட்டை ஆணியில் தொங்கியது. கடைசி இரண்டு மாதத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது யூனிட். ஏசிக்கே காணாது.

என் தொழிலில் ஒரே ஒரு உண்மைதான் உண்டு. தராசுக்கு இரண்டு தட்டு. ஒன்றில் ஒரு கிராம் கூடினால், எங்கோ ஒன்றில் ஒரு கிராம் குறைந்தாக வேண்டும். இவள் ஒரு தட்டைத்தான் காட்டுகிறாள்.

அடி உயர்த்திய படியைப் பிடிப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். வெளியே அளப்பேன், உள்ளே அளப்பேன்; இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே கள்ள அடி இருக்கிறது. கொடி ஓவியத்தை ரசிப்பவன்போல ஹாலுக்குள் நடந்தேன். இருபத்தெட்டு அடி. வெளியே சந்தில் நடந்தேன். நாற்பது அடி. பன்னிரண்டு அடியைக் காணோம்.

பின்சந்தில் ஒரு டீக்கடை பெஞ்சு, அதற்கு எதிரே ஓர் இரும்புக் கதவு. பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. பெண்கள் வந்தார்கள். எல்லோரும் நெட்டை நெட்டையாக, சேலை கரண்டைக்கால் தெரிய ஏறிப்போய், நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார்கள். கடைசியாக வந்தவளுக்கு ஏழடி இருக்கும். சரி, ஆறடிக்கு இரண்டு அங்குலம் கம்மி.

அவளுக்கு ஒரு டீ சொன்னேன். பெயர் துளசிமணி. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவள்.

"இங்க என்னம்மா வேலை?"

"சும்மா படுத்திருக்கற வேலைங்க ஐயா. ஒரு மணி நேரம். செவ்வாக்கெழம ஒரு தடவை, வெள்ளிக்கெழம ஒரு தடவை. எல்லாரும் ஒசரமாயிருவீங்கன்னாங்க. ஒசரம் நல்லதுதானேன்னு வந்தோம்."

"உடம்பு எப்படி இருக்கு?"

கையைக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே சிராய்ப்பு, நெற்றியில் தையல்.

"எனக்குச் சின்னதுல இருந்து வலிப்புங்க. மாத்திரை தின்னுட்டிருந்தேன், பன்னெண்டு வருசமா ஒரு தடவகூட வரல. இப்ப ரெண்டு நாளைக்கு ஒருக்கா விழுகறேன். டாக்டரு மாத்திரைய ரெண்டாக்கினாரு, மூணாக்கினாரு. கேக்கல. தறிக்குப் பக்கத்துல விழுந்தா கை போயிரும்னு மொதலாளி வரவேண்டாம்னுட்டாரு. எனக்குப் பழைய ஒடம்பு குடுத்தாப் போதுங்."

எனக்குப் புரிந்தது. அந்தப் பன்னிரண்டு அடிக்குள் இவர்களைப் படுக்க வைத்து எடுத்த கிராமைத்தான் முன்னால் படுத்தவர்களுக்கு ஏற்றுகிறார்கள். அவளுக்கு எலக்ட்ரான் லேசாகி அணு உப்பிவிட்டது. உடம்பெல்லாம் பூட்டு என்றால் மாத்திரை சாவி. பூட்டுத் துவாரம் பெரிதாகிவிட்டது. சாவி உள்ளே போய் வெறுமனே சுற்றுகிறது. என் வீட்டில் ஒரு ஜாக்கெட் தொளதொளத்ததற்கு இங்கே ஒருத்தி நெற்றியில் தையல் போட்டிருக்கிறாள்.

உடனே என்ன செய்ய வேண்டும் என்று முப்பத்து நான்கு வருடப் பழக்கம் எனக்குச் சொன்னது. போனை எடுத்து, என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஞானசேகரைக் கூப்பிட்டேன். முன்பு என்னிடம் வேலை பழகியவர்.

"ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு கிராம் எடுத்து இன்னொருத்தர்கிட்டப் போடற கருவி. முத்திரை வாங்காத எடைக்கருவிதானே அது? வந்து சீல் வை."

"சார், அது வந்து..."

"வர்றியா, நான் மேலே பேசட்டுமா?"

வந்தார். மெயின் ஸ்விட்சில் கம்பி கோத்து, ஈயக் குண்டு வைத்து, சாவணம் என்கிற இடுக்கியால் நசுக்கி முத்திரை குத்தினார். வந்துபோனவர்களின் பெயரெழுதிய பதிவேட்டைக் கட்டி எடுத்துக்கொண்டார். நான் இந்தியாவுக்கே சுதந்திரம் வாங்கிக் கொடுத்தவன்போல மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

கோகிலவாணி அழவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், போன கிராமைத் திருப்பிக் குடுக்கறதுக்கு உலகத்துல எத்தனை மிசினு இருக்குது?"

நான் ஸ்விட்சில் தொங்கிய ஈயத்தைப் பார்த்தேன்.

"இது ஒண்ணுதான். கட்டிலை மாத்திப் படுத்தா போதும், திரும்பிரும். தானா திரும்பாது. சாப்பாட்டுல வர்ற புது எலக்ட்ரானும் உடம்போட பழக்கத்தைத்தான் புடிச்சுக்கும். நீங்க என்னைப் பூட்டல. பின்னாடி கதவுல வந்தவங்களைப் பூட்டிட்டீங்க."

"இவ்வளவு நியாயம் பேசறவ, அவங்ககிட்ட ஏன் உண்மையைச் சொல்லல?"

"கையெழுத்து வாங்கியிருக்கேன்" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கோர்ட்டில் வாய்தா அடுத்த வருடத்துக்குப் போனது. அந்தத் தேதியை வாங்குவதற்குள்ளேயே துளசிமணி இன்னும் ஆறு தடவை விழுந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். ரங்கநாயகி கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் எளைச்சது உங்களுக்குப் பொறுக்கல."

"அம்மிணி..."

"பேசாதீங்க. நாப்பது வருசமா மாசாமாசம் தராசுல ஏத்தி, அறுபத்தெட்டு அறுபத்தெட்டுன்னு ஊருக்கே கேக்கறாப்ல கத்துனீங்க. ஒரு நாளாச்சு நல்லா இருக்கறேன்னு சொன்னீங்களா? இப்ப நாலு பேரு சொல்றாங்க. ஒடனே அதுல ஒரு திருட்டு கண்டுபுடிச்சுட்டீங்க. நம்ப மாட்டேன்."

என் வாழ்க்கையில் என்னைச் சோதித்த ஒரே ஆய்வாளர் அவள். நான் தேறவில்லை.

வேறு வழி தெரியாமல் துளசிமணியை வீட்டுக்கு வரச் சொன்னேன். வாசல் நிலைக்குக் குனிந்து உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். ரங்கநாயகி அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் நம்பிக்கையே இல்லை.

"எப்ப வருவே நீ?"

"செவ்வாக்கெழம பதினோரு மணிங்க."

ரங்கநாயகி ஓர் அடி கிட்டே வந்தாள்.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் இருமுனது நீயா?"

"ஆமாங்க." துளசிமணியின் முகம் மலர்ந்தது. "விக்கலு நீங்கதானுங்களா? தண்ணி குடுக்கச் சொல்லி இந்தப் பக்கம் இருந்து நான்தாங்க கத்துனேன்."

"எனக்கு வந்துச்சு அந்தத் தண்ணி" என்றாள் ரங்கநாயகி.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்ன பாத்துட்டு நிக்கறீங்? நீங்க வெச்ச முத்திரைய நீங்களே போய்ப் பிரிங்க."

அரசு முத்திரையை உடைப்பது குற்றம். எத்தனை பேரை அதற்காகக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன் என்று எண்ணினால் விடிந்துவிடும். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினேன். ரங்கநாயகி பின்னறைக் கட்டிலில் படுத்தாள், துளசிமணி மல்லிகை வாசனைக்குள் படுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஸ்விட்சை அணைத்து, புதுக் கம்பி கோத்து, என் பழைய முத்திரைச் சாவணத்தால் புது ஈயத்தை நசுக்கினேன். ஓய்வு பெறும்போது அதைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் எனக்கு வந்த ஒரே மறதி.

கோகிலவாணிதான் மிசினை ஓட்டினாள். அவளை நான் அப்போதும் நம்பவில்லை. எந்தக் கட்டிலில் யார் என்று ஒவ்வொரு தடவையும் நானே போய்ப் பார்த்த பிறகுதான் ஸ்விட்சைத் தொட விட்டேன்.

ஆனால் கணக்கு இடித்தது. துளசிமணி இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பத்து வாரம் முடிந்தாலும் பாதிதான் திரும்பும். பாதிப் பூட்டுக்கு எந்தச் சாவியும் சேராது, விழுவது நிற்காது. வெள்ளிக்கிழமைக்காரி யார்?

"தெரியாதுங்க ஐயா. போன்ல பேசிட்டே இருப்பாங்க. சிரிச்சா செவுரே ஆடும்."

கோகிலவாணிக்கு நினைவில்லையாம், பெயரெல்லாம் பதிவேட்டில் இருக்கிறதாம். பதிவேடு ஞானசேகரின் பீரோவில். அவரிடம் கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பார். கோயம்புத்தூரில் நன்றாக உடுத்திய பெண் எவளைப் பார்த்தாலும் அவள் செருப்பின் குதியைப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த வயதில் அது என்ன பெயர் வாங்கித் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை கம்பியை வெட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஈயத்தில் இருந்த எண் என்னுடையது அல்ல. இந்த வருடத்து முத்திரை. ஞானசேகருடையது.

அவர் வந்து பார்த்திருக்கிறார். என் முத்திரையைக் கண்டிருக்கிறார். அதை எடுத்துவிட்டுத் தன்னுடையதைக் குத்தியிருக்கிறார். வீட்டுக்குப் போய் ஜெயிலுக்கு எடுத்துப் போக வேண்டிய மாத்திரைகளைக்கூடப் பையில் கட்டினேன். யாரும் வரவில்லை. ஆறாவது செவ்வாயும் அப்படியே. வாரா வாரம் என்னுடையதை அவர் எடுக்கிறார், அவருடையதை நான் எடுக்கிறேன், வழக்கு மட்டும் வரவில்லை. கைது செய்யாத அதிகாரியைவிடப் பயங்கரமான அதிகாரி உலகத்தில் இல்லை. துளசிமணியிடம் கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும்" என்று சேலைத் தலைப்பைத் திருகினாள். அதுவும் சரியாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே செய்தித்தாளை விரித்தேன். பன்னிரண்டு மணிக்கு இரும்புக் கதவு திறந்தது. முதலில் ஞானசேகர் தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மாள், இறுகிப்போன ஜாக்கெட் கையை இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். என்னவோ சொல்லிச் சிரித்தாள். டீக்கடை கிளாஸெல்லாம் கிணுகிணுத்தன.

செய்தித்தாளை மடித்தேன். ஞானசேகர் வெளிறிப் போனார்.

"முத்திரையை உடைச்சது நீயா?"

"உங்க முத்திரையைத்தான் சார் உடைச்சேன். ரிட்டயர் ஆனவரு முத்திரை செல்லாதுங்களே."

"உன் வீட்டம்மா எந்தக் கட்டில்ல படுத்தாங்க?"

"பின்னறையிலதான் சார். உங்களுக்குச் சந்தேகம் போகவே போகாதுங்களா?"

அவர்களுக்குப் பின்னால் துளசிமணி வந்தாள். இப்போது நிலைக்குக் கொஞ்சமாகத்தான் குனிந்தாள்.

"ஏம்மா, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நாந்தாங்க ஐயா டவுன் பஸ்ஸுல இவங்க சிரிப்பக் கேட்டுப் புடிச்சேன். நடந்ததச் சொன்னேன், அழுதுட்டாங்க. திருப்பிக் குடுக்கறேன், ஆனா உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டயும் மிசினு ஓட்டற அக்காகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க கேஸ் போட்டுருவீங்களாமே?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பிடித்த அத்தனை வியாபாரிகளும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். முதல் தடவையாக அந்தப் பார்வை எனக்கு இனிக்கவில்லை.

"உங்களுக்கு எத்தனை வாரம் பாக்கி?" என்று ஞானசேகரிடம் கேட்டேன்.

"ஏழு சார்."

"எங்களுக்கு நாலு. செவ்வாய் என்னுது, வெள்ளி உன்னுது. கம்பி நல்லதா வாங்கு. நீ கோக்கற கம்பி மட்டம்."

துளசிமணி கடைசியாக விழுந்தது ஆடிப் பெருக்கன்று. தீபாவளிக்கு மறுநாள் தறிக்குத் திரும்பினாள். பழைய மாத்திரை, பழைய அளவு. அவள் நாட்களை எண்ணுவதில்லை. நான்தான் எண்ணுகிறேன். ரங்கநாயகி மாதம் முதல் தேதி தராசில் ஏறும்போது நான் இப்போது வாயை மூடிக்கொண்டு முள்ளை மட்டும் பார்க்கிறேன்.

பின்கதவில் இன்னும் முப்பத்தொரு பெண்கள் காத்திருக்கிறார்கள். முன்கதவில் இதுவரை திரும்பி வந்தவர்கள் பதினொரு பேர். மற்றவர்களின் செருப்பை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. முத்திரை சேதமில்லாமல் இருக்கிறதா என்று சாட்சி சொல்ல அனுபவசாலியான என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல என்னால் முடியாது. முத்திரை புத்தம் புதிதாக இருக்கிறது என்று சொல்லப்போகிறேன். அன்று காலையில்தான் குத்தியிருப்போம்.